நிலமும் பொழுதும் பிரிந்த திரை: இணையவழிச் சென்னைத் தொடர்களும் மலேசிய, சிங்கப்பூர்ப் பார்வையாளரும்

தொலைக்காட்சித் தொடரைத் திறனாய்வுக்குரிய பனுவலாக ஏற்பதில் தமிழ் ஆய்வுலகம் நெடுங்காலம் தயங்கி வந்துள்ளது. சிறுகதைக்கும் புதுக்கவிதைக்கும் கருத்தரங்கு கூட்டும் நாம், நம் குடும்பங்களில் நாள்தோறும் மிகுதியான நேரத்தைப் பெறும் கதைவடிவத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறோம். பேச நேரும்போதும் அப்பேச்சு இரண்டு தீர்ப்புகளுக்குள் அடங்கிவிடுகின்றது. சென்னைத் தொடர்கள் குடும்பத்தைக் கெடுக்கின்றன என்பது ஒன்று. வீட்டில் தமிழ் ஒலி கேட்டுக்கொண்டிருப்பதற்கு அவையே துணை என்பது மற்றொன்று. முன்னதை மேடைகளில் கேட்கிறோம். பின்னதைப் பெற்றோர் ஆசிரியர் சந்திப்புகளில் கேட்கிறோம். இரண்டும் தொடரை உட்கார்ந்து பார்த்தவரின் கூற்றாகத் தோன்றவில்லை.

இக்கட்டுரை அத்தீர்ப்புகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள முனையவில்லை. சென்னையில் ஒரு குறிப்பிட்ட பொழுதுக்கெனச் செய்யப்பட்ட தொடர் ஒன்று, இணையத்தின் வழியே கிள்ளானிலோ உட்லண்ட்ஸிலோ கைப்பேசியில் பார்க்கப்படும்போது அத்தொடருக்கே என்ன நேர்கின்றது என்பதே நம் வினா. பார்ப்போர் மாறுவதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. பார்க்கப்படும் பொருள் மாறுவதைப் பற்றி நம்மிடம் எழுத்து குறைவு.

கடல் கடந்து வரும் தொடர்கதைக்காகக் காத்திருப்பது இந்நாட்டுத் தமிழர்க்குப் புதிதன்று. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த காலத்தில் தமிழ்நாட்டு இதழ்கள் மலாயாவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அக்கப்பல்களுள் பலரும் நினைவில் வைத்திருக்கும் ரஜூலா 1973இல் ஓய்வு பெற்றது. 1980களில் அவ்விடத்தை ஒளிப்பேழைகள் பிடித்துக்கொண்டன. சன் தொலைக்காட்சியின் முன்னோடியே ஒளிப்பேழைதான் என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். 1990இல் தொடங்கப்பட்ட 'பூமாலை' என்னும் ஒளிப்பேழை மாத இதழ் கள்ளப் பிரதிகளால் நலிந்து சில ஆண்டுகளில் நின்றுபோனது. அதன்பின் 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தோன்றியது. மலேசியாவில் 1996இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள் சேவையும் அதன் வானவில் அலைவரிசையும் வந்தன. சிங்கப்பூரில் வசந்தம் 2008 அக்டோபரில் முழுநேர அலைவரிசையாயிற்று. யூடியூப் 2005இலும், ஹாட்ஸ்டார் 2015இலும், சன் நெக்ஸ்ட் 2017இலும் தோன்றின.

இவ்வரிசையில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. கப்பல் காலம் முதல் துணைக்கோள் காலம் வரை பனுவலுக்கும் பார்வையாளருக்கும் இடையில் உள்ளூரார் ஒருவர் இருந்தார். புத்தகக் கடைக்காரர், ஒளிப்பேழைக் கடைக்காரர், அலைவரிசையின் நிகழ்ச்சி நிரலை வகுப்பவர் எனப் பெயர் மாறியதே அன்றி அவ்விடம் வெற்றிடமாக இருந்ததில்லை. எது, எப்போது, எந்த வரிசையில் வர வேண்டும் என்பதை இவ்வூரை அறிந்த ஒருவர் முடிவு செய்தார். தீபாவளிக்கு முந்திய வாரம் எதைக் காட்டுவது, பள்ளித் தேர்வுக் காலத்தில் எதை எந்நேரத்துக்குத் தள்ளுவது என்பன அவருக்குத் தெரிந்திருந்தன. இணையத்தில் அவ்விடம் காலியாக உள்ளது.

பொழுது என்னும் முதற்பொருள்

தொல்காப்பியர் முதற்பொருளாகக் கொண்டவை நிலமும் பொழுதும். கருப்பொருளும் உரிப்பொருளும் அவ்விரண்டின் மேல் நிற்கின்றன. மேலைநாட்டு ஊடகவியல் கோட்பாடுகளை நாடுமுன் இவ்வகைப்பாட்டைத் தொடருக்குப் பொருத்திப் பார்ப்பது பயன் தரும் என்று கருதுகிறோம்.

சென்னைத் தொடரின் பொழுது மிகத் துல்லியமானது. அது இரவுச் சமையல் நடக்கும் பொழுது. வேலைக்குச் சென்றவர் திரும்பும் பொழுது. தொடரின் இலக்கணம் முழுவதும் அதிலிருந்தே பிறக்கின்றது. ஒருவர் பேசி முடித்ததும் கூடத்தில் நிற்கும் ஒவ்வொருவர் முகமும் தனித்தனியே காட்டப்படுகிறது. முகத்துக்கு ஓர் ஓசை சேர்க்கப்படுகிறது. நேற்று நடந்தது இன்று மீண்டும் சொல்லப்படுகிறது. பெயர் சொல்லி விளித்தல் மிகுதியாக உள்ளது. இவற்றைக் கலைக்குறை என்று எளிதில் ஒதுக்குகிறோம். அடுப்பருகே நிற்பவர் திரையைப் பாராமலேயே யார் யாரிடம் பேசுகிறார் என்று அறிய வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்க்கும் அரை நிமிடத்தில் அவருக்கு ஒரு முகம் கிடைக்க வேண்டும். அத்தேவைக்கேற்ப அமைந்த உத்திகள் இவை. தெருக்கூத்தில் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் பாடப்படுவதற்கும் இதை ஒத்த காரணம் உண்டு என்பதை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் எளிதில் ஒப்புவர்.

சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இரண்டரை மணி நேர வேறுபாடு உள்ளது. சென்னையில் இரவு 9.30 மணிக்கு ஒளியேறும் பகுதி இங்கே நள்ளிரவு 12 மணிக்கு உரியது. அந்நேரத்தில் எவர் வீட்டிலும் அடுப்பு எரிவதில்லை. ஆகவே மறுநாள் காலையில், பேருந்திலோ விரைவு இரயிலிலோ, மதிய உணவு இடைவேளையிலோ அப்பகுதி பார்க்கப்படுகிறது. கண் முழுவதும் திரையில் பதிந்திருக்கும் இப்பார்வையாளருக்கு அடுப்படிக்கென அமைந்த உத்திகள் தேவையற்றவை. விரல் பத்துப் பத்து நொடியாகத் தாண்டிச் செல்கின்றது. இருபது நிமிடத்துக்கும் மேற்பட்ட ஒரு பகுதி எட்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. தாண்டிச் செல்லப்படுபவை பெரும்பாலும் பேச்சற்ற முகங்கள்.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சி பற்றி எழுதிய நூலில் 'ஓட்டம்' என்னும் கருத்தை முன்வைத்தார். தனித்தனி நிகழ்ச்சிகளைவிட அவை ஒன்றோடொன்று கலந்து ஓடும் பெருக்கே தொலைக்காட்சியின் அனுபவம் என்பது அவர் கொள்கை. அக்கருத்து அவருக்குத் தோன்றிய சூழல் நம் பொருளுக்கு நெருக்கமானது. அட்லாண்டிக் கடலைக் கப்பலில் கடந்து அமெரிக்கா சென்றிருந்த அவர், மயாமியில் ஓரிரவு திரைப்படம் ஒன்றைப் பார்த்தபோது விளம்பரங்களும் வேறு படங்களின் முன்னோட்டங்களும் இடையிடையே கலந்து வந்து அவரைத் திகைக்க வைத்தன. உள்ளூராருக்கு இயல்பாக இருந்தது அயலவருக்கே புலப்பட்டது. அயல்நாட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்த ஒருவரின் திகைப்பிலிருந்தே ஊடகவியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று பிறந்தது என்பது நம் துறையினர் மனங்கொள்ளத் தக்கது. இணையவழிப் பார்வையாளருக்கோ இவ்வோட்டமே கிடைப்பதில்லை. சென்னை நகைக்கடை விளம்பரமும் இரவுச் செய்தியும் கழிந்த நிலையில், தொடர் தனியே கழுவி எடுக்கப்பட்டு வருகின்றது.

பொழுது நீங்கும்போது மற்றொன்றும் உடன் நீங்குகின்றது. முல்லைக்குரிய உரிப்பொருள் இருத்தல். தலைவன் வரும்வரை ஆற்றியிருக்கும் அந்நிலையை ஒத்த ஒன்றையே அன்றாடத் தொடர் தன் பார்வையாளரிடம் கோருகிறது. சனிக்கிழமை இரவு கதவு தட்டப்படும் ஓசையோடு பகுதி முடியும்; வந்தவர் யார் என்பது திங்களன்று தெரியும். இடைப்பட்ட ஞாயிறு முழுவதும் அண்டை வீட்டாரோடு பேசித் தீர்ப்பதற்கு உரியது. 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1,533 பகுதிகளாக ஓடியது என்றால், அக்காத்திருப்பும் ஆறாண்டு நீண்டது என்று பொருள். இன்று அத்தகைய பழந்தொடர் ஒன்றை இணையத்தில் தொடங்குபவர் ஒரே இரவில் இருபது பகுதிகளைக் கடந்துவிடலாம். கதை அவருக்கு முழுமையாகக் கிடைக்கும், இருத்தல் கிடைக்காது. கல்கியின் நாவலை இதழில் படித்தவரும் நூலாகப் படித்தவரும் ஒரே நாவலைப் படித்தனரா என்னும் பழைய வினாவின் புதிய வடிவம் இது. நாம் இல்லை என்றே கூறுவோம்.

குணசேகரனும் நான்கு மருமகள்களும்

மேற்கூறியதை ஒரு தொடரைக் கொண்டு விளக்க விரும்புகிறோம். திருச்செல்வம் இயக்கத்தில் சன் தொலைக்காட்சியில் 2022 முதல் 2024 வரை ஒளிபரப்பான 'எதிர்நீச்சல்' இதற்குப் பொருத்தமானது. படித்த பெண்கள் நால்வர் ஒரு மதுரை வீட்டுக்கு மருமகள்களாக வந்து அடுப்படியில் அடைபடுகின்றனர். வீட்டின் மூத்த மகன் ஆதி குணசேகரன் சொல்வதே அங்குச் சட்டம். சொத்தில் அப்பத்தாவுக்கு உள்ள 40 விழுக்காட்டுப் பங்கு கதையின் அச்சாணிகளுள் ஒன்று. குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8இல் காலமானார். அவருக்குப்பின் அப்பாத்திரத்தை எழுத்தாளர் வேல ராமமூர்த்தி ஏற்றார்.

இத்தொடரின் நாடகப் பொறி பேச்சுக்கும் பேசாமைக்கும் இடையே அமைந்துள்ளது. குணசேகரன் பேசுகிறான்; நீட்டி முழக்கிப் பேசுகிறான். மருமகள்கள் பேசுவதில்லை. அவன் ஏளனம் ஒவ்வொன்றும் முடிந்தபின் ஒளிப்படக்கருவி அவர்கள் முகங்களுக்குச் செல்கின்றது. ஈசுவரியின் முகத்தில் பழகிப்போன களைப்பும், நந்தினியின் முகத்தில் வாய்வரை வந்து திரும்பும் மறுமொழியும், ரேணுகாவின் முகத்தில் கசப்பும், புதிதாக வந்த ஜனனியின் முகத்தில் வியப்பும் அடுத்தடுத்துத் தெரிகின்றன. பிற தொடர்களில் நேரம் போக்கும் உத்தியாக நின்றுவிட்ட முகச்சுற்று இங்கே பொருளுடையதாக மாறியுள்ளது. இவர்கள் நால்வரும் அடுப்படியில் தனித்திருக்கும்போது பேசும் பேச்சின் வீறு, கூடத்தில் அவர்கள் காத்த மௌனத்தால்தான் நமக்கு உறைக்கின்றது. வணிகத் தொடரின் தேய்ந்த உத்தி ஒன்றைக் கருத்துக்குக் கருவியாக்கிய இயக்குநரின் திறம் பாராட்டத்தக்கது. (பிற்பகுதியில் சொத்து வழக்கும் கடத்தலும் மிகுந்து இத்திறம் மங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

இத்தொடர் தமிழ்நாட்டுக்கு வெளியே எவ்வாறு பரவியது என்பதைக் காண்போம். பலர் கண்டவை முழுப் பகுதிகள் அல்ல. குணசேகரன் பேசும் அரை நிமிட, ஒரு நிமிடத் துண்டுகள். அவன் மதுரைப் பேச்சும், பெண்களை விளித்து அடக்கும் தொடரும் நகைச்சுவைப் படங்களாக மாறிக் கைப்பேசிதோறும் உலவின. நம் மாணவர் சிலர் அவனை நகைச்சுவைப் பாத்திரம் என்றே எண்ணியிருந்தனர். துண்டில் முகங்கள் இல்லை. முகங்கள் இன்றேல் அவன் கொடுமை யாரைத் தாக்குகின்றது என்பதும் இல்லை. எஞ்சுவது, வாய்த்துடுக்கு மிக்க, ஒருவகையில் விரும்பத்தக்க ஓர் ஆண்குரல். பெண்களின் அடக்கப்பட்ட வாழ்வைச் சொல்லப் புறப்பட்ட தொடர், கடல் கடக்கும்போது அவர்களை அடக்கியவனின் புகழாகச் சுருங்கியது. நடிகரின் ஆற்றலுக்கு இதில் பங்குண்டு. தமிழ்நாட்டிலும் இச்சுருக்கம் நிகழ்ந்தது. ஆனால் அங்கே இரவு நேரத்தில் முழுப் பகுதியும் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. துண்டைக் கண்டு சிரித்தவர், தம் தாய் பார்த்துக்கொண்டிருந்த முழுமையையும் கடந்து சென்றார். இங்குள்ள இளையருக்கு அவ்வாய்ப்புக் குறைவு.

உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்பது தொல்காப்பியர் கொள்கை. நிலமும் பொழுதும் கருப்பொருளும் கலந்தாலும் உரிப்பொருள் நிலைத்தால் திணை தப்பாது. தொடர் விற்போர் நம்புவதும் இதுவே எனலாம்: மதுரை அடுப்படி கிள்ளானுக்குப் போனாலும் மாமியார் மருமகள் உணர்ச்சி மாறாது என்பது அவர்கள் கணக்கு. 'எதிர்நீச்ச'லின் பயணம் அக்கணக்கை ஐயுறச் செய்கின்றது. பொழுது சிதைந்த இடத்தில் உரியும் சிதைந்திருப்பதை நாம் காண்கிறோம்.

எல்லை எங்கே உள்ளது?

இணையத்துக்கு எல்லை இல்லை என்று வழக்கமாகக் கூறுவர். இக்கூற்று உண்மைக்கு மாறானது. ஒளிபரப்புரிமை நாடுவாரியாக விற்கப்படுகிறது. கருவியின் இணைய முகவரியைக் கொண்டு பார்வையாளர் எந்நாட்டில் உள்ளார் என்பது கணிக்கப்பட்டு, உரிமை விற்கப்படாத நாடாயின் வழி அடைக்கப்படுகிறது. 2007 டிசம்பரில் தொடங்கிய பிபிசி ஐபிளேயரின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பிரிட்டனுக்கு வெளியே திறவாமை இதற்கு நன்கறிந்த சான்று. வானலை இவ்வளவு கண்டிப்பானதன்று. சிங்கப்பூரின் தமிழ் நிகழ்ச்சிகளை ஜொகூர்பாரு வீடுகள் கூரைமேல் நட்ட அலைவாங்கியால் பல்லாண்டு பார்த்து வந்தன. நீரிணையின் அகலம் அலைக்கு ஒரு பொருட்டன்று. அதே அலைவரிசையின் இணையச் சேவையாகிய மீவாட்ச்சில் சில நிகழ்ச்சிகள் சிங்கப்பூருக்கு மட்டும் எனக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. பழைய தொழில்நுட்பம் தாண்டிய பாலத்தைப் புதியது தாண்டவில்லை.

இவ்வடைப்பு முறையானதா என்னும் வினா ஐரோப்பாவில் நீதிமன்றம் வரை சென்றது. போர்ட்ஸ்மத் நகரில் மதுக்கூடம் நடத்திய கேரன் மர்ஃபி என்பவர் கிரேக்க நாட்டுத் துணைக்கோள் அட்டையைக் கொண்டு ஆங்கிலக் காற்பந்தாட்டங்களைக் காட்டினார். 2011 அக்டோபர் 4இல் ஐரோப்பிய நீதிமன்றம், அயல்நாட்டு அட்டையைப் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் சட்டம் சேவைகளின் தடையற்ற பரிமாற்றத்துக்கு முரணானது என்று கூறியது. 2018 ஏப்ரல் 1 முதல், தம் நாட்டில் கட்டணம் செலுத்திய இணையச் சேவையை உறுப்பு நாடுகளில் தற்காலிகமாகத் தங்கும்போதும் பார்க்கும் உரிமை ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆசியான் நாடுகளுக்கிடையே இத்தகைய ஏற்பாடு இல்லை. நாள்தோறும் பாலம் கடந்து வேலைக்குச் செல்லும் ஜொகூர்த் தமிழர் ஒருவரின் கைப்பேசி, காலையில் ஒரு நாட்டின் பட்டியலையும் மாலையில் மற்றொரு நாட்டின் பட்டியலையும் காட்டுமாயின் அதை முறையிடுவதற்கு மன்றம் இல்லை.

அடைப்பைத் தாண்ட விழைவோர் நாடுவது கள்ளப் பெட்டியை. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இத்தகைய பெட்டிகளின் விற்பனையைக் குற்றமாக்கியது. மலேசியாவில் 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தம் 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை தண்டமும் இருபதாண்டு வரை சிறையும் விதிக்க இடமளிக்கின்றது. பதிப்புரிமையை நாம் குறைத்துப் பேசவில்லை. 'பூமாலை' எவ்வாறு நின்றது என்பதை முன்னரே குறிப்பிட்டோம். நடிகருக்கும் எழுத்தாளருக்கும் தொழில்நுட்பப் பணியாளருக்கும் சேர வேண்டிய ஊதியத்தைப் பெட்டி விற்பவர் கொண்டு செல்வதற்கு எந்நியாயமும் இல்லை. ஆயினும் கட்டணம் செலுத்த முன்வரும் மூதாட்டி ஒருவருக்கு, தாம் பார்த்துவந்த தொடரின் உரிமை இந்நாட்டுக்கு விற்கப்படவில்லை என்னும் அறிவிப்பே மறுமொழியாகக் கிடைக்குமாயின், அவர் மகன் எந்தக் கடைக்குச் செல்வான் என்பதை ஊகிப்பது கடினமன்று. இடைநிலை வழி ஒன்று ஒருகாலத்தில் இருந்தது. 2005இல் வெளிவந்த ஸ்லிங்பாக்ஸ் என்னும் கருவி, ஒருவர் தம் வீட்டில் கட்டணம் செலுத்திப் பெறும் தொலைக்காட்சியை வேறு நாட்டிலிருந்து இணையவழியே பார்க்க உதவியது. 2022 நவம்பர் 9இல் அதன் வழங்கிகள் நிறுத்தப்பட்டன.

எது அயல்?

இதுவரை அயல்நாட்டுத் தொலைக்காட்சி என்னும் சொல்லைத் தயக்கமின்றி வழங்கினோம். சட்டத்தின்படி சென்னைத் தொடர் நமக்கு அயல்நாட்டுப் பொருள். மொழியால் வீட்டுப் பொருள். அயலென்று அறிந்து பார்ப்பவருக்கு ஒரு விழிப்பு இருக்கும். ஐயன் ஆங் என்னும் ஆய்வாளர், 'டல்லஸ்' என்னும் அமெரிக்கத் தொடரைப் பார்த்த நெதர்லாந்துப் பெண்களிடம் இதழ் விளம்பரத்தின் வழியே கடிதம் கேட்டு, வந்த 42 கடிதங்களைக் கொண்டே தம் நூலை எழுதினார். அக்கடிதங்களில் பலர் அத்தொடரின் வாழ்க்கை தம் வாழ்க்கை அன்று என்பதை அறிந்தே அதன் உணர்ச்சியில் தோய்ந்தனர். நம் பார்வையாளருக்கு மொழி அவ்விழிப்பைத் தருவதில்லை. சென்னையின் வழக்கு அவருக்கு அயல் வழக்காகத் தோன்றாமல், தாம் பேச வேண்டிய சரியான வழக்காகத் தோன்றத் தலைப்படுகிறது. இவ்வாறு நேரும்போது அயலாக மாறுவது அவருடைய சொந்த வழக்கே.

மலேசியத் தமிழர் சாலையைச் சடக்கு என்பர். இரப்பரைக் கித்தா என்பர். காலை உணவு உண்பதைப் பசியாறுதல் என்பர். பசியாறுதல் எவ்வளவு அழகிய சொல் என்பதை விளக்க வேண்டுவதில்லை. இச்சொற்களைத் தாங்கிய கதைகள் திரையில் வாராமல் இல்லை. ஆர்டிஎம்மும் வானவிலும் வசந்தமும் உள்ளூர் நாடகங்களைத் தயாரித்தே வருகின்றன. அளவுதான் இடிக்கின்றது. வாரத்துக்கு ஆறு நாள், ஆண்டுக்கணக்கில் ஓடும் தொடருக்கு முன் சில வாரங்களில் முடியும் நாடகம் நினைவில் தங்குவதற்கே போராட வேண்டியுள்ளது. உள்ளூர் நாடகத்தின் தரம் பற்றிய குறைகள் பலவும் உண்மையே. எனினும், அவற்றைச் சென்னைத் தொடரோடு ஒப்பிட்டுக் குறைகூறும் நம் வழக்கத்தில் ஒரு பிழை உண்டு. சென்னை நடிகரின் பேச்சை அளவுகோலாகக் கொண்டு ஈப்போ நடிகரின் பேச்சு செயற்கையானது என்கிறோம். அவர் செயற்கையாகப் பேசுவது பெரும்பாலும் சென்னை நடிகரைப் போலப் பேச முயல்வதால்தான்.

ஆசிரியர்க்கு இது நேரடியாகத் தொடர்புடையது. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப்பின் பேச்சுத் தமிழ் வகுப்பறைக்குள் ஏற்புடைமை பெற்றது. எந்தப் பேச்சுத் தமிழ் என்பது அப்போது வரையறை பற்றிய வினாவாக இருந்தது. இன்று அவ்வினாவுக்கான விடையை மாணவரின் கைப்பேசி வகுப்புக்கு முன்பே சொல்லிவிடுகிறது. தொடர்களை வகுப்பறைக்குள் கொண்டுவரலாகாது என்போரோடு நாம் உடன்படவில்லை. முழுப் பகுதி ஒன்றைத் தாண்டாமல், முகங்களோடு, மாணவருடன் இருந்து பார்ப்பதே ஒரு பாடமாகும்.

நம் வகுப்பொன்றில் 'எதிர்நீச்ச'லின் அடுப்படிக் காட்சியைச் சிரம்பானில் நடப்பதாக மாற்றி எழுதப் பணித்தோம். ஊர்ப்பெயரை மாற்றுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. சட்டினி அரைப்பதை நாசி லெமாக் கட்டுவதாகச் சிலர் மாற்றினர். அப்பத்தாவைப் பாட்டி என்று ஆக்குவதில் கருத்து வேறுபாடு எழுந்தது. அப்பத்தா என்றால்தான் அதட்டல் வருகிறது என்றனர் சிலர். காலையில் மூத்த மருமகள் கணவனை உணவுக்கு அழைக்கும் வரி ஒன்று அக்காட்சியில் உண்டு. பெரும்பாலோர் 'டிபன் ரெடி' என்றே எழுதியிருந்தனர். உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டோம். சிறிது நேரம் கழித்து, பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி, வீட்டில் 'பசியாற வாங்க' என்போம், ஆனால் நாடகத்தில் அப்படிச் சொல்லமாட்டார்களே என்றாள்.